ருவாஹா மணலில் ஒரு மேனேஜர்

செப்டம்பர் 21, சனிக்கிழமை. இரிங்கா.

தான்சானியா மண்ணில் மறுபடியும் கால் வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்தும் விமான நிலையத்தில் என்னை அடையாளம் கண்டு இரண்டு போலீஸ்காரர்கள் சல்யூட் அடித்தார்கள். எனக்குப் பின்னால் யாரோ மந்திரி வந்ததாக மச்சான் சொல்கிறார். அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்பது மாதமாகச் சும்மா கிடந்தது. பிற்காலத்தில் என் வரலாற்றை யாராவது எழுதும்போது தேதி பிசகக் கூடாது என்பதற்காக இன்று முதல் எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். என் அக்கா பாவாயி. அவள் புருஷன் அர்த்தநாரி மச்சான். போர்வெல் ரிக்கில் துளைக்குள் இறக்கும் ராடு பிடிக்கும் வேலையில் தொடங்கி, சொந்த ரிக் வாங்கி, திருச்செங்கோட்டில் பேர் சொல்லும்படி வளர்ந்தவர். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அவர்கள் மகன் சங்கர், இப்போது தொழிலைப் பார்ப்பவன். பிறகு தாய்மாமனாகிய நான், செங்கோட்டுவேலு.

வருகிற தை மாதம் சங்கர் ஒரு ரிக்கை இந்த நாட்டுக்கு அனுப்புகிறான். அந்த வேலையாக வந்தவன், கையோடு அம்மாவுக்குக் காட்டு மிருகங்களைக் காட்ட ஒரு வாரம் சுற்றுலாவும் ஏற்பாடு செய்தான். என்னை எதற்குக் கூட்டி வந்தான் என்றால், அந்த ரிக்குக்கு மேனேஜர் நான்தான். விமானத்திலேயே சொல்லிவிட்டான். "இந்த நாட்டுல ரிக்கு ஓட்டின ஆளு நம்மகிட்ட மாமா ஒருத்தர்தான். ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி பர்மிட் பாரத்துல பேரை எழுதிடலாம்" என்றான். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மேகம் தவிர ஒன்றும் இல்லை. நாலு மணி நேரம் அதையே பார்த்தார்.

ஊரில் நான் அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் ஓய்வாக இருக்கிறேன். சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது, மோட்டார் போட்டு விடுவது எல்லாம் உடற்பயிற்சிக்காகச் செய்வது. மச்சான் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. வாசலில் கிடக்கும் நாயிடம் சொல்வார். "இன்னைக்கும் மூணு வேளை ஆச்சு பாரு" என்பார். நாய் வாலாட்டும். மேனேஜர் வேலை கிடைத்து நான் அந்த அறையைக் காலி செய்யும் நாளில் நாய்க்குத்தான் பேச்சுத் துணை இல்லாமல் போகும்.

செப்டம்பர் 22, ஞாயிறு. ருவாஹா காடு.

காட்டுக்குள் வந்துவிட்டோம். ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒரே ஆள், பெயர் எலியா. நாற்பது வயது, மெதுவாகப் பேசுவான். சமையல்காரன் ஹமீசி கூடாரம், பாத்திரம், அரிசி மூட்டையோடு பின்னால் பிக்கப் வண்டியில் வருகிறான். எலியா ஆங்கிலத்தில் சொல்வதைச் சங்கர் தமிழில் சொல்கிறான். எனக்கு இந்த நாட்டு மொழி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எலியா பேசுவது வேறு ஜில்லாப் பேச்சு, அதனால் குறுக்கிடவில்லை.

வழியெல்லாம் ஒருவகை ஈ. மாட்டு ஈ மாதிரி, ஆனால் ஊசி போடுகிறது. நீலத் துணியைக் கண்டால் இந்த ஈ பயந்து ஓடும் என்று நான் ஊரிலேயே சொல்லியிருந்ததால் அக்கா நீலப் புடவை கட்டி வந்தாள். எலியா அவளைப் பார்த்ததும் கையைத் தலையில் வைத்தான். நீலம்தான் அதற்கு மிகவும் பிடித்த நிறமாம். அக்கா முழங்கை வரை வீங்கிப் போய், "உன்ற பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லோணும்" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஈக்கள் மாறியிருக்கலாம்.

மத்தியானம் ருவாஹா ஆற்றுக்குப் போனோம். ஆறு என்றால் மணல்தான், தண்ணீர் எங்கோ அடியில் ஓடுகிறது. யானைக் கூட்டம் ஒன்று நடு மணலில் நின்று பள்ளம் பறித்துக்கொண்டிருந்தது. முன்காலால் உதைத்து, தும்பிக்கையால் மணலை வாரி வெளியே போட்டு, கொஞ்சம் பொறுத்து, ஊறிய தண்ணீரை உறிஞ்சின. குட்டி ஒன்று முந்தப் பார்த்து உதை வாங்கியது. முப்பது வருஷம் பூமியைத் துளைத்துப் பிழைத்த குடும்பம் இல்லையா, மச்சான் உட்பட எல்லோரும் வாயடைத்துப் பார்த்தோம்.

சங்கர் என் பக்கம் திரும்பி, இங்கே ஊற்று எத்தனை அடியில் இருக்கும் மாமா என்று கேட்டான். மேனேஜர் என்றால் யோசிக்கக் கூடாது. நானூறு அடி என்றேன்.

யானை மூன்றடியில் குடித்துக்கொண்டிருந்தது.

மச்சான் எலியாவின் முதுகைப் பார்த்து, "நானூறாம், கேட்டுக்க" என்றார். எலியாவுக்குத் தமிழ் தெரியாது. இந்த நாட்டிலும் அவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

மாலையில் நான் பழைய அனுபவம் சொன்னேன். கம்ப்ரஸர் பக்கத்தில் படுத்திருந்த சிங்கத்தைச் செருப்பால் அடித்து எழுப்பிய விஷயம். போன வருஷம் வரை அது ஒரு சிங்கம்தான். இன்று இடத்தின் மகிமையோ என்னவோ, மூன்று என்று வாயில் வந்துவிட்டது.

செப்டம்பர் 23, திங்கள்.

இன்று நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

புரட்டாசி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. மச்சான் இந்த மாதம் கவிச்சி தொடமாட்டார், கவிச்சி பட்ட பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். இதை முன்கூட்டியே சங்கர் சொல்லி, ஹமீசியும் எங்களுக்குத் தனிச் சட்டி வைத்திருந்தான். சோறும் முட்டைக்கோசும் நன்றாகவே இருந்தன. சோறு ஒரு கொதி கூடுதல், அடுப்பு வாய் காற்றுக்கு நேராக இருந்ததால் புகை நாற்றம். அது சின்ன விஷயம்.

காலையில் அவனும் எலியாவும் தங்களுக்குக் கோழி வேகவைத்தார்கள். கோழிச் சட்டியைக் கிளறிய கரண்டி எங்கள் சட்டி மூடிமேல் ஒரு நிமிஷம் இருந்ததாம். மச்சான் பார்த்துவிட்டார். எங்கள் சட்டி, அவன் சட்டி, கரண்டி, தட்டு எல்லாவற்றையும் மணலில் கவிழ்த்துப் போட்டுச் சாம்பலால் தேய்க்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் தேய்த்தார். பிறகு பையில் இருந்து மஞ்சள்பொடி எடுத்துக் கரைத்து, அடுப்பைச் சுற்றித் தெளித்தார். ஹமீசி நின்ற இடத்திலும் நாலு சொட்டு விழுந்தது.

ஹமீசி ஐந்து வேளை தொழுகிறவன். கை கழுவாமல் கத்தியைத் தொடாதவன். அவன் எலியாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். சங்கர் அதைத் தமிழில் சொல்ல விரும்பவில்லை. அக்கா வற்புறுத்தியபின் சொன்னான். "என் கை அவ்வளவு அசிங்கமான்னு கேக்கறான்."

விரதத்தைத்தான் சொன்னேன், கையை யார் சொன்னது என்று மச்சான் கத்தினார். அதை எலியா எப்படிச் சொன்னானோ தெரியாது. ஹமீசி மேலங்கியைக் கழற்றி நாலாக மடித்தான். அரிசி, காய்கறிப் பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்தான். தன் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறிப் போய்விட்டான்.

இங்கே போனுக்குச் சிக்னல் இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்.

அக்கா சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஊரை விட்டு வந்திருக்கிறாளாம், கரண்டியைத் தொட மாட்டாளாம். "சட்டி வெளக்கினவரு சோறும் ஆக்கட்டும்" என்று கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். மச்சான் தனக்குப் பிஸ்கட் போதும் என்றார். அக்கா உள்ளே இருந்தபடி, பிஸ்கட்டில் முட்டை இருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள் என்றாள். அவர் படித்துப் பார்த்தார். பிறகு பிஸ்கட்டையும் வைத்துவிட்டார்.

சங்கர் யூடியூப் இல்லாமல் சோறு ஆக்கினான். அடியில் கரி, நடுவில் களி, மேலே அரிசி. ஒரே சட்டியில் மூன்று பதார்த்தம். எலியா மரியாதைக்காக இரண்டு வாய் தின்றுவிட்டு ஜீப்பைக் கழுவப் போனான்.

பசி வந்தால் எல்லோர் முகமும் அவரவர் சொந்த முகமாக ஆகிவிடுகிறது. இரண்டு சிங்கம் பார்த்தோம். யாரும் யாருக்கும் காட்டவில்லை.

செப்டம்பர் 25, புதன்.

எலியாவும் சங்கரும் காட்டு வாசல் வரை போய்ப் போன் பண்ணிவிட்டு வந்தார்கள். வேறு சமையல்காரன் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கிடையாதாம். அவர்கள் போயிருந்த நேரத்தில் அக்கா படுத்திருந்தாள். மச்சானும் நானும் ஒரு பெருக்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த மரத்தைப் பத்துப் பேர் கைகோத்தாலும் கட்ட முடியாது. நான் இருபது பேர் என்று சொன்னேன். அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். பல வருஷத்தில் முதல் தடவை.

"சங்கர்கிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

எதைங்க மச்சான் என்றேன்.

"நீ இங்க பார்த்த வேலையை."

முன்னூறு போர் போட்ட கதையை நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏழு மாசம் நீ ரிக்கு ஆளுகளுக்குச் சோறாக்கினவன். உன்னோட இருந்த டிரில்லர் பெரியசாமி ஊருக்கு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். உங்கக்காதான் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா, தம்பியை நாலு பேர் முன்னாடி கேவலப்படுத்திப் போடாதீங்கன்னு. எல்லாக் கல்யாணத்துலயும் உன்ற சிங்கத்தைக் கேட்டுட்டு வாயை மூடிட்டு இருந்தேன்."

நான் ஆற்றைப் பார்த்தேன்.

"சோறாக்கறது தப்பில்லை மாப்ள. ராடு மேல போகையில கீழ பசங்க நிப்பாங்க. மேல இருந்து ஒருத்தன் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னாப் போதும்." மூன்று விரல் கையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "எனக்கு மேல நின்னவனுக்கு வேலை தெரியும். அப்பவே இது போச்சு. நீ நின்னா என்ன போகும்னு நெனைச்சுப் பாரு. ஊருக்குப் பொறப்படறதுக்குள்ள சொல்லிடு."

மச்சானுக்கு யாரோ தவறான தகவல் கொடுத்திருக்கிறார்கள். பெரியசாமி குடிக்கிறவன். ஒரு மேனேஜர் ஆட்கள்மேல் உள்ள பாசத்தில் சில நாள் அடுப்படிப் பக்கம் போயிருக்கலாம். ஏழு மாதம் என்பதும் சரியில்லை. ஆறே முக்கால்.

செப்டம்பர் 26, வியாழன்.

காலையில் அக்கா கூடாரத்துக்கு வெளியே வந்தவள் நிற்க முடியாமல் தூணைப் பிடித்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். மாத்திரையை விடாமல் போட்டிருக்கிறாள், சோறுதான் இல்லை. எலியா ஓடிப்போய்ச் சர்க்கரை கரைத்துக் குடிக்க வைத்தான். நடுக்கம் நின்றது. சங்கர் அப்பாவைத் திட்டினான்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா என் முன்கையில் இருக்கும் பழைய தீத்தழும்பைப் பார்த்தாள். அது கம்ப்ரஸர் வெடித்துப் பட்டது என்று ஊருக்கே தெரியும். "பசிக்குதுடா வேலு" என்றாள்.

பிறகு சமையல் நடந்தது. நான் மேற்பார்வைதான் பார்த்தேன். நெருப்பை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னேன், அவ்வளவுதான். மூன்று கல்லை நகர்த்தி அடுப்பு வாயைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பினேன். வேகமாக எரியும் சுள்ளியைக் கொதி வரும்வரை, கனமான கட்டையை அதற்கப்புறம் வைத்தேன். எலியா கொண்டுவந்த விறகில் பாதியைத் திருப்பி அனுப்பினேன், பச்சை. அரிசியைக் கையில் நசுக்கிப் பார்த்துப் புது அரிசி என்று தெரிந்ததால் தண்ணீர் குறைத்தேன். சோறு கொதிக்கும் சத்தம் தடதடவென்பதில் இருந்து பொதபொதவென்று மாறும்போது ஒரு பருக்கை எடுத்தால் போதும், கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பவன் சமையல்காரன் இல்லை. மூடியைச் சாய்த்து, இரண்டு பக்கமும் துணியில் பிடித்து, ஒரு சொட்டு மேலே படாமல் கஞ்சி வடித்தேன். அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் தக்காளியைக் கையால் பிசைந்து வைத்த ரசம் நுரை கட்டிவிட்டது. கொதிக்க விடாமல் இறக்கினேன். அக்கா கொண்டுவந்த புளியும் பெருங்காயமும் நல்ல சரக்கு. முட்டைக்கோசை நூலாக அரிந்து தாளித்தேன். ஒன்றேகால் மணி நேரம். குரங்கு ஒன்று பெட்டியைக் குறி வைத்து வந்தது. திரும்பிப் பார்க்காமலே கொள்ளிக்கட்டையை வீசினேன்.

மேற்பார்வைதான்.

சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா இரண்டு தடவை ரசம் வாங்கிக்கொண்டாள். எலியா தட்டை வழித்தான். மச்சான் தட்டை என் பக்கம் நகர்த்தினார், நான் போட்டேன், மறுபடி நகர்த்தினார். சங்கர் மட்டும் சோற்றைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை பக்குவமாக எங்கே படித்தீர்கள் மாமா என்று கேட்டான். மேனேஜராக இருப்பவன் எல்லா வேலையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் தம்பி என்றேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. நம்பத் தயாராக இருக்கிற பையன்.

மச்சான் கை கழுவ எழுந்து போனார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி.

கூடாரத்தைக் கழற்றி ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஆற்றைக் கடக்கும்போது ஜீப் நடு மணலில் இறங்கிவிட்டது. பின் சக்கரம் இரண்டும் பாதி வரை உள்ளே. எலியா இறங்கிப் பார்த்தான். டயரில் பாதிக் காற்றை இறக்கி, மணலைப் பறித்து, மெதுவாக ஏற்றலாம், ஒரு மணி நேரம் ஆகும் என்றான். தூரத்தில் மரங்களுக்கு நடுவே யானைக் கூட்டம் தெரிந்தது. நாங்கள் சிக்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் அவை பறித்துவைத்த தண்ணீர்ப் பள்ளம்.

சங்கர் என்னைக் கேட்டான். "ரிக்கு லாரி மணல்ல மாட்டினா என்ன பண்ணுவீங்க மாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யோசிக்கவே இல்லை. காற்றை இறக்கினால் ரிம் உட்கார்ந்துவிடும், முன்னூறு தடவை பார்த்திருக்கிறேன், ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் திணித்தால் அஞ்சு நிமிஷம் என்றேன். எலியா தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். மச்சான் வண்டிக்குள் இருந்து, அவன் சொல்றதைக் கேளுடா சங்கர் என்றார். சங்கர் என் பேச்சைத்தான் கேட்டான். ஆற்றங்கல் ஒன்றை அடியில் வைத்து அதன்மேல் ஜாக்கியை நிறுத்தச் சொன்னேன். நன்றாக உருண்டு திரண்ட கல். பார்க்க லட்சணமாக இருந்தது.

வண்டி ஏறியது. சங்கர் குப்புறப் படுத்துக் கட்டையோடு கையை உள்ளே விட்டான். கல் மணலில் ஒரு சுற்றுச் சுற்றியது. அதை நான் பார்த்தேன். என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. எலியா சங்கரின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். ஜாக்கி தெறித்து, வண்டி கட்டையின்மேல் விழுந்து, கட்டை இரண்டாக முறிந்தது. சங்கரின் கை வெளியே இருந்தது. முழுசாக இருந்தது. சுண்டுவிரல் நகத்தில் மட்டும் ரத்தம்.

யாரும் ஒன்றும் சொல்லுமுன் எலியா எங்களை வண்டிக்குள் தள்ளினான். யானைகள் வந்துவிட்டன. கண்ணாடியை ஏற்றச் சொல்லி, வாயில் விரல் வைத்தான். பதினாறு யானை. பக்கத்தில் இருந்தது கையை நீட்டினால் தொடும் தூரம். குட்டிகள் இருந்ததால் பெரியது ஒன்று காதை விரித்து வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் எங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய சண்டை ரகசியக் குரலில் நடந்தது.

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்பச் சொல்றியா மாப்ள?" என்றார்.

சங்கர் என்ன சொல்லணும் என்று கேட்டான். நகத்தை வாயில் வைத்திருந்தான்.

அக்கா என் தோளைத் தொட்டாள். தடுக்கத் தொட்டாளா, தள்ளத் தொட்டாளா என்று தெரியவில்லை.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சங்கரு, நான் ரிக்குல சோறாக்கினவன்டா. ராடைத் தொட்டதே இல்லை. லாரி மணல்ல மாட்டினப்ப நான் வெங்காயம் அரிஞ்சுட்டு இருந்தேன்."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. சிங்கம்? என்றான்.

"பார்த்ததே இல்லை. இந்த வாட்டிதான் பார்த்தேன்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்த முடியாது, வெளியே அந்தப் பெரிய யானை. அவன் குரல் காற்று மாதிரி வந்தது. "பன்னெண்டு பசங்களை உங்க கையில குடுக்க இருந்தேன். அவங்க வீட்டுக்கெல்லாம் போய் மாமா கூட இருக்காருன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." பிறகு அம்மா பக்கம் திரும்பினான். "உங்களுக்கும் தெரியுமா?"

அக்கா அழுதாள். சத்தம் வராமல் அழ அவளுக்குப் பழக்கம் இருப்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

யானைகள் போனபிறகு எலியா டயர்க் காற்றை இறக்கி, ஒரு மணி நேரம் மணலைப் பறித்து வண்டியை ஏற்றினான். நானும் பறித்தேன். மச்சானும் என் பக்கத்தில் மண்டியிட்டு மூன்று விரல் கையால் பறித்தார்.

செப்டம்பர் 28, சனி. இரிங்கா விடுதி.

காலையில் நான் போய் உட்கார்ந்ததும் சங்கர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான்.

சுற்றுலாக் கம்பெனியின் கொட்டகையில் கூடாரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். ஹமீசி அங்கே இருந்தான். மச்சான் அவனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அவன் அதைப் பார்த்தான். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினான். மச்சான் கொஞ்ச நேரம் கையை இறக்காமலே நின்றார். நானும் போய் நல்ல கத்தி என்று சைகையில் சொன்னேன். எனக்கும் முதுகுதான்.

சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருந்தபோது விடுதிக்காரர் இந்தியாவில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சைகையில் கேட்டார். வாய் திறந்தது. அக்கா அந்தப் பக்கம் நின்றாள். பால் கறந்து ஊற்றுவது போலக் கையைக் காட்டினேன். அவர் சிரித்தார். இரண்டு மாடு. இருபது என்று விரல் விரியப் பார்த்தது, மடக்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு.

காலையில் சங்கர் பர்மிட் பாரத்தை மேசையில் விரித்து வைத்திருந்தான். என்னையும் உட்காரச் சொன்னான். முகத்தைப் பார்க்காமலே பேசினான். மேனேஜராகப் பெரியசாமியின் மகன் போகிறான். அவன் பதினெட்டு வயதில் இருந்து ராடு பிடித்தவன். அது முடிந்துபோன விஷயம்.

"சமையலுக்கு ஒரு ஆள் போகோணும். வர்றதுன்னா வாங்க. இல்லைன்னா ஊர்ல பால் ஊத்துங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இப்படி ஒரு பேச்சை அவன் என்னிடம் பேசியதில்லை. கொட்டகை அறையில் ஆறு வயதில் என் வயிற்றின்மேல் உட்கார்ந்து சிங்கக் கதை கேட்டவன். எனக்கு வாயில் நிறைய வந்தது. பெரிய ஓட்டல்களில் இருந்து எனக்கு அழைப்பு வந்துகொண்டிருப்பது பற்றி, தலைநகரில் ஒரு மந்திரி வீட்டில் என் ரசத்தை மறக்க முடியாமல் இருப்பது பற்றி. மச்சான் எதிரே உட்கார்ந்து, கருப்பு டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

எத்தனை பேருக்கு என்று கேட்டேன்.

பன்னெண்டு என்றான்.

"ரெண்டு ஷிப்ட்டா?"

"ஆமா."

"அப்பன்னா ராத்திரி ஆளுகளுக்குத் தனியா ஒரு அடுப்பு வேணும். சாயங்காலம் வடிச்ச சோத்தையே வெச்சுக் குடுக்கக் கூடாது. ஆறிப்போன சோத்தைத் தின்னுட்டு ரெண்டு மணிக்கு ராடு தூக்கினா கை நடுங்கும். அப்ப இங்க இருக்கையில பார்த்திருக்கேன். ரெண்டாவது மாசத்துல இருந்து நான் பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சுச் சுடச்சுட ஆக்கிப் போட்டேன். அதுக்கப்புறம் யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

மச்சானின் கரண்டி நின்றது. பெரியசாமி அதையும் சொன்னான் என்றார், டீயைப் பார்த்துக்கொண்டே.

சங்கர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாரத்தைப் புரட்டிப் பின்பக்கத்தில், பேனாவை அழுத்தி, அடுப்பு இரண்டு என்று எழுதிக்கொண்டான்.